காரணமும் பழியும்: ஒரு விமான விபத்தின் விசாரணையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தமிழ் இலக்கணத்திலே மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபு கருவிப் பொருளிலும் வரும். கருத்தாப் பொருளிலும் வரும். 'மழையால் வீடு இடிந்தது' என்னும்போது மழையை எவரும் குறைகூறுவதில்லை. 'அவனால் வீடு இடிந்தது' என்றவுடனே பேச்சின் தொனி மாறிவிடுகின்றது. ஒருவன் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகின்றான். உருபு ஒன்றே; அது செய்யும் தொழில் இரண்டு. முதலாவது தொடர் ஒரு நிகழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூறுகின்றது. இரண்டாவது தொடர் அதற்கு யார் பதில் சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்துக் கூறுகின்றது. முன்னையது அறிவின் பாற்பட்டது. பின்னையது அறத்தின் பாற்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்குவது அன்றாடப் பேச்சில் மாத்திரமன்று. உண்மையைக் கண்டறிவதற்கென்றே அமைக்கப்பட்ட விசாரணைச் சபைகளின் அறிக்கைகளிலும் இம்மயக்கம் காணப்படுகின்றது. அது வெறுஞ் சொல்மயக்கமாயின் இலக்கண ஆசிரியரிடம் விட்டுவிடலாம். இறந்துபோன, எனவே மறுமொழி கூறவியலாத ஒருவனின் பெயர் அதிலே தங்கியிருப்பதனாலேயே அது ஆராயத்தக்கதாகின்றது. 1959ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒரு சிறிய விமானத்தின் விபத்தும் அதன் விசாரணையும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அவ்வாண்டு பெப்ரவரி 2ஆந் திகதி இரவு, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் என்னும் சிற்றூரிலுள்ள நடன மண்டபமொன்றில் இசை நிகழ்ச்சியொன்று நடைபெற்றது. அக்காலத்து இளைஞரிடையே பெரும்புகழ் ஈட்டிய 'றொக் அன்ட் றோல்' பாடகர் சிலர் கடுங் குளிர்காலத்தில் ஊரூராகச் சென்று பாடிய சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதி அது. அவர்களை ஏற்றிச்சென்ற பஸ்வண்டியின் வெப்பமூட்டி பழுதடைந்திருந்தது. மேளம் வாசித்தவர் கால்கள் குளிரால் விறைத்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டிருந்தார். அடுத்த நிகழ்ச்சி மினசோற்றா மாநிலத்து மூர்ஹெட் நகரில். அவ்வண்டியிலே இன்னுமோர் இரவைக் கழிக்க மனமின்றி, 22 வயதினரான படி ஹொலி அயலிலுள்ள மேசன் சிற்றி விமான நிலையத்திலிருந்து சிறிய விமானமொன்றை வாடகைக்கு அமர்த்தினார். அது மூர்ஹெட்டுக்கு அண்மையிலுள்ள வட டக்கோற்றாவின் பார்கோ நகருக்குச் செல்லவிருந்தது. ஒற்றை இயந்திரம் பூட்டிய அந்தப் பீச்கிறாவ்ற் பொனான்சா விமானத்திலே விமானி நீங்கலாக மூவருக்கே இடமிருந்தது. காய்ச்சலால் வருந்திய 28 வயதினரான றிச்சட்சனுக்கு ஹொலியின் குழுவைச் சேர்ந்த வேலன் ஜெனிங்ஸ் தமது இருக்கையை விட்டுக்கொடுத்தார். மற்றோர் இருக்கைக்காக நாணயம் சுண்டப்பட்டது. அதில் வென்றவர் 17 வயதினரான றிச்சி வலன்ஸ். விமானத்தைச் செலுத்திய ரொஜர் பீற்றர்சனுக்கு வயது 21.

நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.55 மணிக்கு விமானம் தெற்கு நோக்கிக் கிளம்பி, திரும்பி, வடமேற்குத் திசையிற் சென்றது. நிலையத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்த விமான நிறுவன உரிமையாளரின் கண்ணுக்கு அதன் வால்விளக்கு மெல்ல மெல்லக் கீழிறங்கி மறைவது தெரிந்தது. வானொலியிலே பலமுறை அழைத்தும் பதில் கிடைக்கவில்லை. விடிந்தபின் அவரே வேறொரு விமானத்திற் புறப்பட்டுத் தேடினார். நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலே, பனிமூடிய வயலொன்றின் வேலியிற் சிதைவுகள் மோதிக் கிடந்தன. நால்வரும் இறந்திருந்தனர்.

விசாரணையை அக்காலத்து அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சபை மேற்கொண்டது. (1967ஆம் ஆண்டின் பின்னர் இப்பணி தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையிடம் சென்றது.) அச்சிறிய விமானத்தில் குரற்பதிவுக் கருவியோ பறப்புப் பதிவுக் கருவியோ இல்லை. சாட்சி சொல்ல எஞ்சியவை உலோகமும் பனியுமே. ஆயினும் அவை நிறையச் சொல்லின. வலச் சிறகின் நுனி முதலில் நிலத்தைத் தொட்டிருந்தது. அவ்விடத்திலிருந்து 540 அடி தூரம் வரை விமானம் சிதறி உருண்டு சென்றிருந்தது. வேகமானியின் முள் மணிக்கு 165 மைலுக்கும் 170 மைலுக்கும் இடையில் நின்றுவிட்டிருந்தது. ஏற்ற இறக்கம் காட்டும் கருவி நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கத்தைக் காட்டியவாறு உறைந்திருந்தது. இயந்திரம் பழுதடைந்திருந்தமைக்கோ விமானம் வானிலே உடைந்தமைக்கோ சான்று கிடைக்கவில்லை. எனவே, செவ்வனே இயங்கிய ஒரு விமானம், கட்டுப்பாட்டில் உள்ளதென்று எண்ணிய ஒருவனின் கையில், வலப்புறம் சரிந்து முழு வேகத்தோடு நிலத்தை நோக்கிப் பாய்ந்திருக்கின்றது.

இது எவ்வாறு கூடும் என்று ஐயுறுவோர் மனித உட்செவியின் இயல்பை அறிதல் வேண்டும். உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் சுழற்சியின் மாற்றத்தை உணர்த்துவன. மாறா வேகத்திற் சில செக்கன்கள் தொடரும் சுழற்சியை அவை உணர்த்துவதில்லை. பகலிலே அடிவானத்தைக் காணும் கண் இக்குறையை நிரப்பிவிடுகின்றது. விளக்குகள் அரிதான நாட்டுப்புறத்தின்மீது, பனி பொழியும் இருட்டிலே, வானுக்கும் நிலத்துக்கும் வேறுபாடு இல்லை. சரிந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்கும் விமானியின் உடல் அவனுக்கு, 'நேராகச் செல்கின்றாய்' என உறுதி கூறும். 1954ஆம் ஆண்டிலே இலினோய் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வொன்றில், கருவிகளை மாத்திரம் நோக்கிப் பறக்கும் பயிற்சியற்ற 20 பேர் வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் விமானம் செலுத்தினர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 செக்கன்கள். இவ்வுண்மை திறமையின்மையைப் பற்றியதன்று, உடலமைப்பைப் பற்றியது. கருவிகளை நம்பி, தன் உடலை நம்பாதிருக்கப் பழகியவனே அந்நிலையில் தப்புவான்.

பீற்றர்சன் அவ்வாறு பழகாதவர் என முற்றாகக் கூறவும் இயலாது. அவர் 711 மணித்தியாலங்கள் பறந்தவர். அவற்றுள் 128 மணித்தியாலங்கள் பொனான்சா விமானத்திலாகும். கருவிப் பறப்பில் ஏறத்தாழ 52 மணித்தியாலங்கள் ஆசிரியருடன் பயின்று, எழுத்துப் பரீட்சையிலும் சித்தியடைந்திருந்தார். ஆனால் 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைபெற்ற செயன்முறைப் பரீட்சையிலே தவறிவிட்டார். கண்ணாற் கண்டு செலுத்தும் பறப்புக்கே அவருக்கு உரிமை இருந்தது. அவர் தொழில்பார்த்த நிறுவனத்துக்கும் அவ்வளவே அனுமதி.

1959ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வெளிவந்த அறிக்கை, விபத்துக்கான 'நிகழக்கூடிய காரணம்' எனத் தீர்மானித்தது இதுவே: கருவிகளை மாத்திரமே கொண்டு பறக்க நேரிடும் ஒரு பயணத்தை, அதற்குரிய தகுதியும் சான்றிதழும் இல்லாதிருந்தும் மேற்கொள்ள விமானி எடுத்த நியாயமற்ற முடிவு. இதன்பின் துணைக்காரணங்களென இரண்டு தரப்பட்டுள்ளன. விமானிக்கு அளிக்கப்பட்ட வானிலை விளக்கத்திலிருந்த பாரதூரமான குறைபாடுகள் ஒன்று. விமானத்தின் சாய்வுநிலையைக் காட்டும் கருவியிலே விமானிக்குப் பரிச்சயமின்மை மற்றொன்று.

இவ்வறிக்கையை நேர்மையற்றதெனக் கூறுவதற்கில்லை. விமானிக்குச் சாதகமான செய்திகளையும் அதுவே ஒளிக்காது வெளியிட்டிருக்கின்றது. மேலே கூறப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அதிலிருந்தே பெறப்படுபவை. ஆயினும் அதன் முடிவுரையின் அமைப்பு சிந்தனைக்குரியது. 'முடிவு' என்பது ஒரு நிகழ்ச்சி. அதனை மற்ற நிகழ்ச்சிகளோடு ஒரு சங்கிலியிற் கோக்கலாம். 'நியாயமற்ற' என்னும் அடையோ நிகழ்ச்சியன்று, அது தீர்ப்பு. உலோகத்திலும் பனியிலும் அதனைத் தேடிக் கண்டெடுத்தல் இயலாது. காரணத்தைத் தேடிப் புறப்பட்ட விசாரணை அந்த ஒரு சொல்லின் இடத்திலே பழியைச் சென்றடைந்துவிடுகின்றது. மூன்று காரணங்களுள் ஒன்று தலைமை பெற்று மற்றையவை துணையாக ஒதுக்கப்பட்டமைக்கு அந்தச் சொல்லையன்றி வேறு ஆதாரம் உண்டா என்பதே வினா.

ஆங்கில மெய்யியலாளர் ஆர். ஜி. கொலிங்வூட் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதையொத்த ஒரு நிலைமையை ஆராய்ந்துள்ளார். வளைவொன்றிலே ஒரு மோட்டார் வண்டி சறுக்கிப் புரண்டுவிடுகின்றது. சாரதியின் நோக்கிலே அதன் காரணம் மிகுவேகம். வீதிக்குப் பொறுப்பான அளவையாளரின் நோக்கிலே வீதி அமைப்பின் குறை. வண்டியைச் செய்தவரின் நோக்கிலே வண்டியின் வடிவமைப்பு. மூவரும் கூறுவது உண்மையே. பல நிபந்தனைகளுள் எதனை ஒருவர் மாற்றவல்லவரோ அதனையே அவர் காரணமெனத் தெரிந்தெடுக்கின்றார். இது சரியாயின் 'இதுதான் காரணம்' என்று கூறுவோர், 'இதனை மாற்றும் ஆற்றல் எவரிடம் இருந்தது' என்னும் வினாவுக்கும் தம்மை அறியாமலே விடையளித்துவிடுகின்றனர். இறந்த விமானியின் முடிவைக் காரணமாகத் தெரிந்தெடுக்கும்போது, இனி எதனையும் மாற்றவியலாத ஒருவரிடமே மாற்றும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகின்றது. இதனால் வாழ்வோருக்கு ஏற்படும் ஆறுதலைக் குறிப்பிடாதிருத்தல் கடினம்.

வானிலை விளக்கத்தை எடுத்துக்கொள்வோமாயின் இக்கூற்றின் பொருள் தெளிவாகும். பீற்றர்சன் அன்று மாலை தொடக்கம் நள்ளிரவு வரை வானிலைச் செய்திகளைப் பலமுறை கேட்டறிந்தார். கடைசியாக நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நிறுவன உரிமையாளரோடு தகவல் நிலையத்துக்கு நேரிலும் சென்றார். அதற்கு முன்னரே, இரவு 11.35 மணிக்கு, மினியாப்பொலிஸ் வானிலை நிலையம் அவசர அறிவித்தலொன்றை வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 100 மைல் அகலமான பனிப்பொழிவுப் பட்டையொன்று அவர் செல்லவிருந்த திசையிலிருந்து நகர்ந்து வருவதையும் அதனுள்ளே பார்வைத்தூரம் இரண்டு மைலுக்குங் குறைவாக இருப்பதையும் அது தெரிவித்தது. நள்ளிரவின் பின் கன்சாஸ் சிற்றியிலிருந்து மற்றோர் எச்சரிக்கை வந்தது. இவற்றுள் ஒன்றேனும் விமானியின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டவை வழியிலுள்ள நிலையங்களின் அந்நேரத்து வானிலையும் சென்றடையும் இடத்துக்கான எதிர்வுகூறலுமே. இக்குறைபாடு வானிலையின் கடுமையை விமானி குறைத்து மதிப்பிட இலகுவில் ஏதுவாகியிருக்கும் என அறிக்கையே கூறுகின்றது.

அறியாமையாற் செய்யப்படும் செயலுக்கு ஒருவன் எவ்வளவு பொறுப்பாளி என்பது பழைய வினாவாகும். அரிஸ்ரோட்டில் தமது 'நிக்கொமாக்கிய அறவியல்' மூன்றாம் நூலிலே, செயலின் குறிப்பான நிலைமைகளை அறியாது செய்தவன் தன் விருப்பத்தாற் செய்தவனாகான் என்று கூறி, உடனேயே ஒரு வரம்பும் இடுகின்றார். அறியாமைக்குத் தானே காரணமாக இருப்பவன் தப்பமுடியாது. மதுமயக்கத்திலே தவறு செய்பவன் அத்தகையவன். பீற்றர்சனின் அறியாமை எவ்வகையைச் சாரும்? கேளாதிருந்தவர் அல்லர், கேட்டார். சொல்லவேண்டியவர் சொல்லவில்லை. கேட்டும் பெறாத அறிவுக்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்கின், உலகில் எவரும் பொறுப்பினின்று தப்ப இயலாது.

எனினும் இவ்வாதத்தை எல்லை கடந்து செலுத்துதல் ஆகாது. பனிப்பட்டையை அவர் அறியாதிருக்கலாம். தமது பரீட்சை முடிவை அறிந்திருந்தார். குளிர்கால நள்ளிரவில் வட மாநிலங்களின்மீது பறப்பவனுக்கு, எச்சரிக்கை எதுவுமின்றியே, பனியையும் இருளையும் எதிர்பார்க்கும் கடமை உண்டு. தன் திறனின் எல்லையைத் தானே அறிதல் பிறர் அறிவிக்கக் காத்திருக்கும் செய்தியன்று. மூன்று உயிர்களைத் தன்னை நம்பி ஏற்றியவன், 'எனக்குச் சொல்லப்படவில்லை' எனக் கூறி முழுதும் விடுபடான். துணைக்காரணங்களை அடுக்கி அவரைக் குற்றமற்றவராக்க முயல்வோரும் விசாரணையாளர் செய்த மயக்கத்தையே மறுதலையாகச் செய்கின்றனர். காரணங்கள் பல என்பதனாற் பழி இல்லை என்றாகாது. காரணம் ஒன்று என்பதனாற் பழி முழுவதும் அங்கேயே என்றும் ஆகாது.

சாய்வுநிலை காட்டும் கருவியின் செய்தி இதனினும் துன்பந் தருவது. பீற்றர்சன் பயின்ற விமானங்களிலே வழக்கமான செயற்கை அடிவானக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. விபத்துக்குள்ளான விமானத்திலோ ஸ்பெரி நிறுவனத்தின் எப்-3 வகைக் கருவி இருந்தது. விமானத்தின் மூக்கு மேல்நோக்கியிருப்பதையும் கீழ்நோக்கியிருப்பதையும் அது அவர் பழகியதற்கு நேர்மாறான முறையிற் காட்டுவது. காற்றின் குலுக்கலும் இருளும் சேர, இறங்கும்போது ஏறுவதாக அவர் மயங்கியிருக்கக்கூடும் என்பது அறிக்கையின் கருத்து. இது உண்மையாயின், தன் உடலை நம்பாது கருவியை நம்பவேண்டும் என்னும் பாடத்தை அவர் சரிவரக் கடைப்பிடித்தமையே அவரைக் கீழே இறக்கியிருக்கும். நேர்மாறான இரு முறைகளில் ஒரே செய்தியைக் காட்டும் கருவிகள் ஒரே வகை விமானிகளின் கையில் அகப்பட இடமளித்தமை எவரது முடிவு? அது எந்த ஒருவரின் முடிவுமன்று. அதனாலேயே அதற்கு 'நியாயமற்ற' என்னும் அடை கிடைக்கவில்லை. மனிதனின் முடிவைப் பழிக்கலாம். பலர் கூடி எதனையும் முடிவுசெய்யாது விட்டமையைப் பழிப்பதற்கு மொழியில் எழுவாய் கிடைப்பதில்லை.

நிறுவன உரிமையாளரின் நிலையும் அத்தகையதே. பயணத்தின் திட்டத்தையும் நடத்தையையும் அவர் முற்றாக விமானியின் மதிப்பீட்டுக்கே விட்டிருந்தார். நம்பிக்கை நற்பண்பெனவே கொள்ளப்படும். ஆனால் மூத்தவர் இளையவரை நம்பும்போது, நம்பிக்கையோடு பொறுப்பும் கைமாறிவிடுகின்றது. 21 வயதினர் ஒருவர், புகழ்பெற்ற பாடகர்கள் வாயிலில் வந்து நிற்கையில், முதலாளி உடனிருக்கையில், 'இன்றிரவு பறக்க முடியாது' என்று கூற எத்துணை மனவலிமை வேண்டும்! எச். எல். ஏ. ஹார்ட், ஏ. எம். ஒனோரே ஆகியோர், தற்செயலாக அதே 1959ஆம் ஆண்டில், சட்டத்திலே காரணம் என்னும் கருத்தைப்பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டனர். மனிதனொருவனின் சுயாதீனமான, அறிந்து செய்யும் செயல் காரணச் சங்கிலியை அறுக்கவல்லது என்பதும், தேடல் பெரும்பாலும் அங்கே நின்றுவிடும் என்பதும் சட்டமும் பொதுப்புத்தியும் ஒருங்கே ஏற்கும் நியமங்கள் என அவர்கள் காட்டினர். விபத்து விசாரணையும் அவ்வாறே விமானியில் வந்து நின்றது. ஆயின் அச்செயல் எத்துணை அறிந்தது, எத்துணை சுயாதீனமானது என்பதே அங்கு கேட்கப்படவேண்டியிருந்த வினா. சங்கிலியை அவரோடு நிறுத்தியமையால், வெப்பமற்ற பஸ்வண்டியிலே ஊரூராகக் கலைஞரை அலைக்கழித்த பயண ஏற்பாடு விசாரணையின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. விமானமேறும் எண்ணமே அந்தக் குளிரிற் பிறந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்றிரவு பனிப்பட்டை சற்றுப் பிந்தியிருந்து, விமானம் பார்கோவைச் சென்றடைந்திருப்பின், பீற்றர்சன் எடுத்த முடிவு அணுவளவும் வேறுபட்டிராது. அதே தகுதியின்மை, அதே துணிவு. ஆனால் அதனை எவரும் நியாயமற்றதெனக் கூறியிரார். உழைப்பாளியான இளைஞனென்று முதலாளி மெச்சியிருக்கவுங்கூடும். செயலின் அறத்தகுதி அவன் கையிலில்லாத விளைவினால் மாறலாமா? பேர்ணாட் வில்லியம்ஸ், தொமஸ் நேகல் என்னும் இருவர் 1976ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராய்ந்தனர். வில்லியம்ஸ் தரும் எடுத்துக்காட்டு ஒரு லொறிச் சாரதி. தன் தவறு ஏதுமின்றியே ஒரு குழந்தையை மோதிவிட்ட அவன், பார்த்துநின்ற எவரும் அடையாத ஒரு துயரத்தை அடைகின்றான். அத்துயரம் அடையாதிருப்பின் அவனைப்பற்றி ஐயுறத் தோன்றும்.

இருக்கையை விட்டுக்கொடுத்த வேலன் ஜெனிங்சின் வாழ்க்கை இதற்கு உதாரணம். பிரியும்போது ஹொலி, 'உங்கள் பஸ் உறைந்துபோகட்டும்' எனக் கேலி செய்ய, 'உங்கள் விமானம் விழட்டும்' என இவரும் விளையாட்டாக மறுமொழி கூறினார். இச்சொல் பல்லாண்டுகள் தம்மை வருத்தியதாக அவரே பின்னர் கூறியுள்ளார். காரணச் சங்கிலியின் எந்தக் கணுவிலும் அச்சொல்லுக்கு இடமில்லை. அறிக்கையிலும் இடமில்லை. ஆயினும் குற்றவுணர்வின் பாரத்தை அவர் சுமந்தார். பழி காரணத்தைப் பின்பற்றியே செல்லும் என எண்ணுவோர் இதனை எவ்வாறு விளக்குவர் என்பது தெரியவில்லை.

காரணம் அறியப்பட்டபின்னும் பழிக்கு ஆள் தேடும் வேட்கை அடங்குவதில்லை. ஹொலியின் கைத்துப்பாக்கியொன்று விபத்து நிகழ்ந்து சில வாரங்களின் பின் அந்த வயலிலே கண்டெடுக்கப்பட்டது. விமானத்தினுள்ளே வெடி தீர்ந்திருக்கலாமென வதந்தி பரவியது. றிச்சட்சனின் உடல் சிதைவுகளுக்கு அப்பால் வேலியைத் தாண்டிக் கிடந்தமையால், அவர் உயிர்தப்பி உதவி நாடி நடந்திருப்பாரோ என்னும் ஐயமும் எழுந்தது. 2007ஆம் ஆண்டிலே அவருடைய மகனின் வேண்டுகோளின்படி உடல் தோண்டியெடுக்கப்பட்டு, தடயவியல் மானிடவியலாளர் ஒருவராற் பரிசோதிக்கப்பட்டது. குண்டுபட்ட அடையாளம் இல்லை. மோதிய கணத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. 2015ஆம் ஆண்டில், விமானியின் பெயரிலுள்ள கறையை நீக்கும்பொருட்டு விசாரணையை மீளத் தொடங்குமாறு தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைக்கு மனுவொன்று சமர்ப்பிக்கப்பட்டது. எடைச் சமநிலை முதலாகப் புதிய விளக்கங்கள் அதிலே முன்வைக்கப்பட்டன. சபை மனுவை நிராகரித்தது. மறுவிசாரணையை வேண்டியவர் கேட்டதும் ஒருவகையில் இயந்திரத்தின்மேற் பழியை ஏற்றுதலே. எல்லாவற்றையும் ஊழின்மேல் ஏற்றி அமைதியடைவோர் ஒருபுறம். எவரேனும் ஒருவரின் தலையில் ஏற்றியே அமைதியடைவோர் மறுபுறம். விசாரணை என்னும் கடினமான பணி இரு திறத்தாருக்கும் உவப்பானதன்று.

சட்டம் இம்மயக்கத்தை அறியாததன்று. அமெரிக்கச் சட்டப்படி இவ்வகை விசாரணை அறிக்கையை நட்டஈட்டு வழக்கிலே சான்றாகக் காட்டுதல் ஆகாது. 1951ஆம் ஆண்டில் முதன்முதல் ஏற்கப்பட்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் பின்னிணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுத்தலே. பழியையோ பொறுப்பையோ பகிர்ந்தளித்தல் அன்று என இன்று விதிக்கின்றது. இவ்விதி நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்குப் பிற்கால நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2019ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி இரவு, பிரான்சின் நான்ற் நகரிலிருந்து வேல்சின் கார்டிவ் நகருக்கு உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிச்சென்ற ஒற்றை இயந்திரப் பைப்பர் விமானம் ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் கதை ஏறக்குறைய அதுவே: இரவு, கெட்ட வானிலை, இரவுப் பறப்புக்குப் பயிற்சி பெறாத விமானி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த பிரித்தானிய விசாரணைப் பிரிவின் அறிக்கையோ விமானியின் முடிவோடு நின்றுவிடவில்லை. புகைபோக்கித் தொகுதியிலிருந்து கசிந்த காபனோரொட்சைட்டு வாயுவினால் விமானி பாதிக்கப்பட்டிருக்கலாம் என அது கண்டது. அவ்வாயுவைக் கண்டு எச்சரிக்கும் கருவி விமானத்தில் இல்லாமையையும், வணிகப் பயணத்துக்குரிய பாதுகாப்பு விதிகள் பேணப்படாமையையும் கூறியது. எவரையும் குற்றவாளியென்று அது சொல்லவில்லை. அந்த வேலையை நீதிமன்றம் செய்தது. பயணத்தை ஒழுங்குசெய்தவர் 2021ஆம் ஆண்டிலே, விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இரு வினாக்களும் இரு மன்றங்களிலே கேட்கப்பட்டன. அதனாற் பழி மென்மையடையவில்லை என்பது கருதற்பாலது. பழி உயிரோடிருந்த ஒருவரை, தமது தரப்பைக் கூற வழக்கறிஞர் வைத்திருந்த ஒருவரைச் சென்றடைந்தது. 1959ஆம் ஆண்டின் அறிக்கை ஒரே வாக்கியத்திற் செய்துமுடித்த காரியத்துக்கு இங்கே ஓர் ஆய்வும் யூரிமார் அமர்ந்த ஒரு வழக்கும் தேவைப்பட்டன. காலமும் பணமும் மிகுதியாகச் செலவாகியிருக்கும். பீற்றர்சனுக்கு அவ்வாய்ப்பு வழங்கப்பட்டிருப்பினும் தீர்ப்பு மாறியிருக்கும் என்று கூறுவதற்கில்லை. அவருக்காக ஒருவர் எழுந்துநின்று, 'எச்சரிக்கை ஏன் வாசிக்கப்படவில்லை?' எனக் கேட்டிருப்பார் என்பது மாத்திரம் உறுதி.

விபத்து நிகழ்ந்த வயலிலே 1988ஆம் ஆண்டில் அன்பரொருவர் உருக்கினாற் செய்த கித்தாரொன்றையும் மூன்று இசைத்தட்டுகளையும் நினைவுச்சின்னமாக நாட்டினார். அவை பாடகர் மூவருக்கும் உரியவை. ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2009ஆம் ஆண்டிலே, அதே மனிதர் அவ்வயலுக்குத் திரும்பிவந்து, விமானிக்கென இரு சிறகுகளைச் செய்து அவற்றின் அருகே நாட்டினார்.